டாக்ஸ் வேற... டியூட்டி வேற!

நம்ம ஏர்போர்ட்டில் இருக்கிறது 'டியூட்டி ஃப்ரீ' ஷாப். 2006-ல் தமிழில் பேர் வெச்ச படங்களுக்குக் கிடைச்சது 'டாக்ஸ் ஃப்ரீ'. அந்தச் சலுகைக்காகத்தான் 'ஜில்லுனு ஒரு காதல்' ஒரே ராத்திரியில் 'சில்லுனு ஒரு காதல்' ஆச்சுன்னு கோடம்பாக்கமே பேசிச்சு. ரெண்டு இடத்திலும் நம்ம பாக்கெட்டில் கை விடுறது கவர்ன்மென்ட்தான். அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?

காமர்ஸ் நண்பன் யாரையாவது கேட்டுப் பாருங்க. "ஆள் மேலயும் வருமானத்து மேலயும் விழுந்தா டாக்ஸ், பொருள் மேல விழுந்தா டியூட்டி"ன்னு டக்குனு சொல்லுவான். கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனா, அதே சினிமா டிக்கெட்டை எடுத்துக்குங்க. மெட்ராஸில் 1939-ல் போட்ட சட்டத்தின் பேர் கேளிக்கை 'வரி' சட்டம். பம்பாயில் 1923-ல் போட்ட சட்டமோ கேளிக்கை 'டியூட்டி' சட்டம்! அதே மாதிரி இருட்டு, அதே மாதிரி திரை, டிக்கெட் மேல வசூலும் அதேதான். அங்கே டியூட்டி, இங்கே டாக்ஸ். நண்பனின் ஃபார்முலா இன்டர்வெல்லுக்கு முன்னாடியே புட்டுக்கிச்சு.

அப்போ ஃபார்முலாவை இப்படி மாத்திக்குங்க. டியூட்டி எல்லாமே டாக்ஸ்தான். டாக்ஸ் எல்லாமே டியூட்டி கிடையாது. நம்ம அரசியல் சாசனம் 366-வது பிரிவில் 'வரிவிதிப்பு' என்பதற்கு அர்த்தம் சொல்லும்போது எல்லா வகை வசூலையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. அதே சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் வருமானத்துக்கு 'டாக்ஸ்', சுங்கத்துக்கும் கலாலுக்கும் 'டியூட்டி' என்று பழைய பேரையே வெச்சிருக்கிறது. எலெக்ட்ரிகல் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, டிரிக்கர் எதுன்னு பார்க்கணும். எல்லையைத் தாண்டுறது, ஃபேக்டரியில் செய்யுறது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுறது... இப்படி ஒரு சம்பவம் நடந்தா அந்த நிமிஷம் கட்டியே ஆகணும்னு வர்றதை டியூட்டின்னு சொல்றது வழக்கம். 'டியூ' ஆயிடுச்சு, அதனால டியூட்டி. தமிழில் 'தீர்வை'. தீர்த்துட்டுத்தான் மேல போகணும். (இதுக்கு ஆங்கிலத்தைவிட நம்ம வார்த்தை சூப்பர்னு நான் நினைக்கிறேன்.)

சரக்கு மேல வசூல் பண்றதுல நாம ஒண்ணும் புதுசு இல்லை. திருக்குறள் 756-ல் வர்ற 'உல்கு' சுங்கம்தான். முதலாம் குலோத்துங்கன் அதை எடுத்துவிட்டதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனார். அந்த ஒரு வேலைக்கே ஒரு பட்டம்!

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வெளிநாட்டில் இருந்து ஒரு போர்டு வரவழைக்கிறீங்க, வந்து இறங்குற விலை 1,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். சுங்கத் தீர்வை 10 சதவீதம் என்றால் 100 ரூபாய். அந்த 100 மேல 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், 2018-ல் வந்தது, அது 10 ரூபாய். இப்போ கூட்டினா 1,110. இந்த மொத்தத் தொகை மேல 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. போட்டா 199 ரூபாய் 80 காசு. ஆக 1,309 ரூபாய் 80 காசு. ஒரே பில்லில் டியூட்டி, சர்சார்ஜ், டாக்ஸ் மூணும் வரிசை கட்டி நிற்குது. டியூட்டி மேலயும் டாக்ஸ் விழுதுங்கிறதைக் கவனிச்சீங்களா? இது பின்னாடி திரும்ப வரும்.

சரி, பேரில் என்ன இருக்குன்னு கேட்கிறீங்களா? பேரை வெச்சு நம்ம மெட்ராஸ் பெரிய கோர்ட் வரைக்கும் போயிருக்கு.

1939-ல் ராஜாஜி பிரீமியரா இருந்தப்போ மெட்ராஸ் மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. அப்போ இருந்த 1935-ம் வருஷ இந்திய அரசுச் சட்டப்படி, விற்பனை வரி மாகாணத்தோட சொத்து. கலால் டியூட்டி டெல்லியோட சொத்து. கடலை எண்ணெயும் புண்ணாக்கும் தயாரிச்சு வித்துக்கிட்டு இருந்த போட்டு பைடன்னா அண்ட் சன்ஸ் ஒரு கொக்கி போட்டாங்க. 'நாங்களே செய்யுறோம், நாங்களே முதல்ல விக்கிறோம். தயாரிச்சவன் விக்கிற அந்த முதல் விற்பனை மேல வரி போட்டா, அது பேருக்குத்தான் விற்பனை வரி, நிஜத்தில் கலால். மாகாணத்துக்கு அதைப் போட அதிகாரமே இல்லை.' இதுதான் வாதம். யோசிச்சா செம பாயின்ட்! அவங்க ஜெயிச்சிருந்தா தயாரிப்பாளரோட முதல் விற்பனை மொத்தமும் மாகாணத்தின் கையை விட்டுப் போயிருக்கும்.

1942-ல் ஃபெடரல் கோர்ட் மெட்ராஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. கலால் விழுறது தயாரிப்பு மேல, விற்பனை வரி விழுறது விற்பனை மேல. ஒரே ஆள் ரெண்டையும் கட்ட வேண்டி வரலாம், ஆனா சட்டப்படி ரெண்டும் வேற வேற. செக்குக்காரர் ஆட்டின எண்ணெயை விக்காம வீட்டிலேயே முறுக்கு சுட்டுத் தின்னுட்டார்னு வெச்சுக்குங்க. விற்பனை வரி கிடையாது. ஆனா கலால் இருந்தா அதைக் கட்டித்தான் ஆகணும், ஏன்னா எண்ணெய் பொறந்துடுச்சு! மத்திய அரசு விடலை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1945-ல் அங்கேயும் மெட்ராஸ்தான் வின்னர்.

(கலால்னாலே நமக்குச் சாராயம் ஞாபகம் வர்றது தப்பில்லை. அந்த வார்த்தையே மது காய்ச்சி விக்கிறவரைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லில் இருந்து வந்ததுதான். நம்ம கோட்டையில் அந்தத் துறைக்கு 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை'ன்னு பேரு. விலக்கும் அங்கேதான், தீர்வையும் அங்கேதான்!)

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து பெரும்பாலான பொருட்களுக்கு இந்தச் சண்டையையே முடிச்சு வெச்சது. பெட்ரோல், டீசல் மாதிரி சிலது வெளியே நின்னுடுச்சு. அங்கேதான் இன்னிக்கும் ரெண்டு பேரும் தனித்தனியா வேலை பார்க்கிறாங்க.

2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கினது 32 ரூபாய் 90 காசு. பிரிச்சுப் பாருங்க. அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு. 'சிறப்புக் கூடுதல் கலால் டியூட்டி' 11 ரூபாய். சாலை, கட்டமைப்பு செஸ் 18 ரூபாய். விவசாயக் கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. சாசனத்தின் 270-வது பிரிவுப்படி செஸ், சர்சார்ஜ் ரெண்டையும் மாநிலங்களோட பங்கு போட வேண்டாம். அந்த 11 ரூபாய்க்குப் பேரு டியூட்டி, ஆனா வகை சர்சார்ஜ். அதுவும் அவுட். மிச்சம் 1 ரூபாய் 40 காசு. இதில் 15-வது நிதி ஆணையம் சொன்ன 41 சதவீதம்னா 57 காசு சொச்சம். 28 மாநிலங்களும் சேர்ந்து பிரிச்சுக்கணும்!

அதுக்காக மாநிலங்களைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். அவங்க வாட் தனி. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைச்ச பிறகும், தமிழ்நாட்டு வரி 13 சதவீதம் பிளஸ் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. அந்த 13 சதவீதம் எது மேல? மத்திய டியூட்டியும் சேர்ந்த விலை மேல. உங்க புராஜெக்ட் போர்டு கணக்கேதான். டெல்லி டியூட்டியை ஏத்தினா, பங்கு வராட்டியும் இந்தச் சதவீதத்தில் சென்னைக்கு ஏதோ சிந்தும்.

இறக்கினாலும் அப்படியே. 2022 மே மாசம் பெட்ரோல் டியூட்டியில் 8 ரூபாய் குறைச்சாங்க. முழுக்க சாலை செஸ்ஸில் இருந்துதான் குறைக்கிறோம், மாநிலப் பங்கில் கை வைக்கலைன்னு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விளக்கம் சொன்னார். பங்கு விஷயத்தில் அது கரெக்ட். ஆனா 8 ரூபாயில் 13 சதவீதம் 1 ரூபாய் 4 காசு. அந்த டியூட்டி குறைஞ்ச அன்னிக்கே, யாரும் கேட்காமலே, தமிழ்நாட்டோட டாக்ஸும் லிட்டருக்கு அவ்வளவு குறைஞ்சுபோச்சு.