ஓடும் பெட்டிக்கு யார் வரி அறவிடுவது?

மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் புகையிரதப் பெட்டிக்கு வரி அறவிடும் உரிமை யாருடையது? இவ்வினா 1891 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. இலினோயில் பதிவான புல்மன் கம்பனியின் படுக்கை வசதிப் பெட்டிகள் பென்சில்வேனியாவின் ஊடாகவும் ஓடின. அம்மாநிலம் வரி விதிப்பது மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தில் தலையிடுவதாகும் எனக் கம்பனி வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பெட்டிகள் ஓடிய மொத்தப் பாதையில் பென்சில்வேனியாவுக்குள் அமைந்த மைல்களின் விகிதத்துக்கேற்பக் கம்பனியின் பங்கு மூலதனத்தின் மீது வரி அறவிடலாம் எனத் தீர்ப்பளித்தது. மூன்று நீதியரசர்கள் மாறுபட்டனர்.

மாநிலத்தின் பாதுகாப்பை அனுபவித்த கம்பனி அதற்குரிய பங்கைச் செலுத்துவது நியாயமே என நாம் கருதுகின்றோம். ஆயினும், பதிவு பெற்ற மாநிலமும் அதே பெட்டிகளுக்கு வரி கேட்டால் சுமை இரட்டிப்பாகும். நிரந்தரமாக வெளியே உள்ள பெட்டிகளுக்கு அம்மாநிலம் வரி விதிக்கவியலாது என 1905 ஆம் ஆண்டு கென்டக்கி வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்ட பின்னரே அந்த அச்சம் ஓரளவு தணிந்தது.