பியூஸ் கட்டையும் தொழிலாளியின் உயிரும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில், கல்லாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பர்லியார். பஸ்கள் நிற்கும். பிரயாணிகள் இறங்கிப் பலாவும் மங்குஸ்தானும் வாங்குவார்கள், குரங்குகளைப் பார்த்துச் சிரிப்பார்கள், மறுபடி ஏறிப் போய்விடுவார்கள். கடைகளுக்குப் பின்னால், சரிவிலே ஒட்டிக்கொண்டிருக்கும் உழைப்பாளியின் வீட்டை எட்டிப் பார்ப்பவர் யார்?

நாம் பார்ப்போம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் இந்த மலையில் வீட்டு வேலை ஆரம்பமாகிறது. ஊறிப்போன சுவரை இடித்துக் கட்ட வேண்டும். ஒழுகும் தகரத்தை மாற்ற வேண்டும். மகனுக்குக் கல்யாணம் என்றால் ஒரு அறையை இரண்டாகத் தடுக்க வேண்டும். கையிலுள்ள காசுக்கு ஒரு கொத்தனார், ஒரு சித்தாள். மிச்சத்துக்குக் குடும்பமே ஆள். வயர்மேனைக் கூப்பிடப் பணம் ஏது? ஈரச் சுவரில் உளி இறங்குகிறது. எந்தக் காலத்திலோ புதைத்த ஒயர் உள்ளே கிடக்கிறது. உளி அதைத் தொட்டதும் கொத்தனாரின் கை அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அலறிக்கொண்டு ஓடிவந்து அவரை இழுக்கிறவருக்கும் அதே கதி.

மறுநாள் பெரிய மனிதர்கள் கூடித் தீர்ப்புச் சொல்கிறார்கள்: “அஜாக்கிரதை!”

யாருடைய அஜாக்கிரதை? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

பல வீடுகளில் இருக்கும் ஒரே பாதுகாப்பு பியூஸ் கட்டை. அது நம்மைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறோம். தோழர்களே, இந்த நம்பிக்கை தவறு! 5 ஆம்பியர் பியூஸ் என்றால், கம்பி சூடேறி வீடு தீப்பற்றாமல் இருக்க அதை வைத்திருக்கிறார்கள். மனிதனின் நெஞ்சுத் துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு போதும். அதிலும் குறைவான மின்சாரமே பிடித்த கையை விட முடியாமல் இறுக்கிவிடும். மனிதன் துடிதுடித்துச் சாகிறான். பியூஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது! அடிக்கடி பியூஸ் போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்த வீட்டிலோ, ஒயரைக் காக்கும் அந்த வேலையும் நடக்காது.

ஆளைக் காக்கும் கருவி இல்லாமல் இல்லை. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கிடைக்கிறது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். வழியில் ஒரு உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால், ஒரு ஆம்பியரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு கசிவிலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். (இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தவரை அது காப்பாற்றாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்தக் கருவியைப் பற்றிச் சர்க்காரின் விதி என்ன சொன்னது தெரியுமா? மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் வருஷத்துப் பாதுகாப்பு விதிகள், கசிவைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்றன. கூடவே 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளுக்கு விலக்கும் கொடுத்தன! பிறகு வந்த திருத்தம் அந்த வரம்பைக் கீழே இறக்கியது என்பது உண்மை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நாலு பல்பு, ஒரு விசிறி, ஒரு மிக்சி உள்ள வீடு எந்தக் கணக்கில் வரும்? பங்களாவில் ஓடுகிற மின்சாரம் கடிக்கும், குடிசையில் ஓடுகிற மின்சாரம் கொஞ்சுமா?

இந்த மின்சாரம் எங்கே பிறந்தது? இதே நீலகிரியில்! பைக்காராத் தண்ணீரில் 1930களில் பிறந்த மின்சாரம் மலையிறங்கிக் கோவை மில்களின் கதிர்களைச் சுழற்றியது. பிறகு கனடாவின் உதவியோடு குந்தாத் திட்டம் வந்தது. பாறை உடைத்தவனும் மண் சுமந்தவளும் நம் ஜனங்கள். மில்லில் ஒரு மோட்டார் கருகினால் அரை மணியில் ஆள் வந்துவிடுவான், உற்பத்தி நின்றுவிடுமே! லைன் வீட்டுச் சுவிட்சில் பொறி பறக்கிறது என்று ஆபீசில் சொல்லிப் பாருங்கள். “பார்க்கலாம்” என்பார்கள்.

‘பார்க்கலாம்’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. வீடு கொடுப்பதும் அதைப் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1981இல் வந்த திருத்தம், வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ சேதப்பட்டால் நஷ்ட ஈட்டுக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. 2025 நவம்பரில் இந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புக்குள் அடக்கிவிட்டார்கள். வீடு தரும் கடமை அதிலும் இருக்கிறது. இடிந்த சுவருக்குப் பொறுப்பென்றால், அந்தச் சுவருக்குள் இருக்கும் ஒயருக்கு யார் பொறுப்பு? லைன் வீடுகளில் ஒயரிங்கையும் எர்த்தையும் சோதித்து, சோதித்த தேதியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. மாட்டுவது நிர்வாகத்தின் செலவு. சொந்த வீட்டுக்காரருக்கும் கூலி விவசாயிக்கும் சர்க்கார் செலவில் மாட்டித் தர வேண்டும்.

கேட்டுப் பெறும் வரை வீட்டு வேலை நிற்காது. ஆகவே இதையும் படித்து, படிக்கத் தெரியாதவருக்கும் சொல்லுங்கள். ஒருவர் ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மெயின் எட்டாவிட்டால், காய்ந்த பலகையில் நின்று காய்ந்த கட்டையால் ஒயரையோ ஆளையோ தள்ளுங்கள். பச்சைக் கொம்பு உதவாது, இரும்புக் கம்பி உங்களையும் கொல்லும். விடுபட்டவருக்கு மூச்சில்லை என்றால் 108க்கு ஒருவர் பேசட்டும், இன்னொருவர் நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல், இரண்டு அங்குலம் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்கட்டும். குன்னூரிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும். மூளை அத்தனை நேரம் காத்திருக்காது. எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இருதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்து மணலைப் போடுங்கள். மழையில் வெளிக்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டவே போகாமல் 94987 94987க்குச் சொல்லுங்கள். 2021இல் திறந்த மின்னகத்தின் நம்பர் அது.

அறைச் சுவிட்சை அணைத்தோம் என்று நம்பி உளியை எடுக்காதீர்கள். பழைய ஒயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம். விளக்கு அணையும், ஒயரில் உயிர் இருக்கும். மெயினை இறக்கி, பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கொத்தனாரின் சட்டைப் பையில் போடுங்கள். வேலை முடிந்து அவர் கையைக் கழுவும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.