வயலில் ஆள் இருந்த இரவுகள்

ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தில் இரவு முழுவதும் வயலில் ஒருவர் விழித்திருந்தார். கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பி, டீசலும் தண்ணீரும் பார்த்து அருகிலேயே இருந்தாக வேண்டும். அந்தச் சத்தமும் அரிக்கேன் வெளிச்சமும் காட்டுப்பன்றியைத் தள்ளி நிறுத்தின. இன்று கைபேசியே மோட்டாரைப் போடுகிறது. காவலுக்குச் சிலர் கள்ளத்தனமாக மின்வேலி இடுகிறார்கள்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் 3 பெண் யானைகள் மாண்டன. குட்டிகள் இரண்டு தாயற்று நின்றன. பன்றி எது, பக்கத்து வயல்காரரின் பிள்ளை எது என்று கம்பிக்குத் தெரியாது.

விளைச்சலை இழந்தவரின் வயிற்றெரிச்சல் நியாயமானதே. (பழைய இன்ஜினை மீண்டும் வாங்கச் சொல்லவில்லை, அந்தப் புகை வேண்டாம்.) ஆயினும் அக்கம்பக்கத்தார் முறைவைத்து இராக்காவல் இருப்பது இயலாததா? நிலமுள்ள குடும்பங்கள் இந்தப் போகத்திலேயே தொடங்கலாம். கம்பி கட்டியிருப்பவர்கள் இன்று மாலையே கழற்றிவிடுங்கள்.