வாங்கும்போது "வாங்க சார்", ரிப்பேருக்குப் போனால் "யார் சார்?"

மின்சார ஸ்கூட்டர்காரர்கள் படும் பாடு! காரணம் என்ன? வழி என்ன?

புது மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போனால் "வாங்க சார், உட்காருங்க சார்" என்று குளுகுளு அறையில் கூல்டிரிங்ஸ் கொடுத்து உபசரிக்கிறார்கள். அதே ஸ்கூட்டரை ஆறு மாதம் கழித்துத் தள்ளிக்கொண்டு போனால், "டோக்கன் போட்டுட்டுப் போங்க, போன் வரும்" என்கிறார்கள்.

போன் வருவதில்லை. நாமே போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் ஏலம் போடுகிறது. கடைசியில் பாட்டு போட்டுவிட்டு லைன் கட் ஆகிறது.

வண்டி சர்வீஸ் சென்டரில் வெயில் காய்கிறது. மாதம் பிறந்தால் தவணை மட்டும் தவறாமல் பாங்கிக் கணக்கில் கழிகிறது. ஆபீசுக்குப் போக பஸ் செலவு தனி, அவசரத்துக்கு ஆட்டோ செலவு தனி. சாப்பாடு டெலிவரி செய்து பிழைக்கும் இளைஞனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி நின்ற அன்றே அவன் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்.

அன்றும் காத்திருந்தோம்!

ஸ்கூட்டருக்காகக் காத்திருப்பது நமக்குப் புதிது அல்ல. 1970களில் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பதிவு செய்த வண்டி குழந்தை பிறந்த பிறகு வந்த வீடுகள் உண்டு.

ஆனால், ஒன்று. வந்த வண்டி நின்றுவிட்டால் யாரும் அதற்குப் பயப்படவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்து, நாலு உதை விட்டால் கிளம்பும். கிளம்பாவிட்டால் தெருமுனை மெக்கானிக் இருந்தார். பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, கார்ப்பரேட்டரை ஊதி, டீ ஆறுவதற்குள் வண்டியைக் கையில் கொடுத்துவிடுவார். பாகம் வேண்டுமா? ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருந்தது. பழைய பாகம் போதுமா? புதுப்பேட்டை இருந்தது.

அன்று வாங்கத்தான் காத்திருந்தோம். இன்று பணம் கொடுத்த மறுவாரம் வண்டி வந்துவிடுகிறது, ரிப்பேருக்குத்தான் காத்திருக்கிறோம். இதுதான் முன்னேற்றமா என்று ஜனங்கள் கேட்கிறார்கள்.

10,644 புகார்கள்

இது ஏதோ பத்துப் பேர் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. அரசாங்கக் கணக்கே இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பிரமாண்ட தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனி, 2021 ஆகஸ்ட் 15-ந் தேதி தன் ஸ்கூட்டரை அறிமுகம் செய்தது. விற்பனை பறந்தது. 2024 ஏப்ரல் மாதம் நாட்டில் விற்ற மின்சார இரு சக்கர வண்டிகளில் ஏறக்குறைய பாதி அந்தக் கம்பெனியுடையது.

விற்பனை பறந்த வேகத்தில் புகாரும் பறந்தது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஒரே வருடத்தில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு இந்தக் கம்பெனி மீது வந்த புகார்கள் 10,644. இதில் 3,389 புகார்கள் சர்வீஸ் தாமதம் பற்றியவை. புது வண்டி கொடுப்பதில் தாமதம் என்று 1,899 புகார்கள். சொன்ன சேவையைச் செய்யவில்லை என்று 1,459 புகார்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கம்பெனிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. "99.1 சதவீத புகார்களைத் தீர்த்துவிட்டோம்" என்று கம்பெனி பதில் கொடுத்தது. ஆணையம் அதோடு விடவில்லை. அடுத்த மாதமே விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டது.

புகார் எழுதாமல் பொறுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! பொறுமை இழந்தவரும் உண்டு. 2024 செப்டம்பரில் கர்நாடகத்தில் குல்பர்கா நகரில், வண்டி வாங்கிச் சில வாரங்களே ஆன 26 வயது வாலிபர் ஷோரூமுக்கே தீ வைத்துவிட்டார். வண்டிகள் எரிந்தன. அவர் கைதானார். செய்தது குற்றம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதனை அந்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டது எது என்று யோசிக்க வேண்டாமா?

எங்கே கோளாறு?

மின்சார ஸ்கூட்டரில் ஓடும் பாகம் குறைவு. என்ஜின் இல்லை, கியர் இல்லை, ஆயில் மாற்ற வேண்டியதில்லை. அப்படியானால் ரிப்பேரும் குறையத்தானே வேண்டும்? விற்பவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் பெட்ரோல் வண்டி கெட்டுப்போகும்போது முன்கூட்டியே சொல்லும். புகை தள்ளும், இருமும், இழுக்காது. மின்சார வண்டி அப்படிச் சொல்லாது. நேற்று ராத்திரி நன்றாக ஓடிய வண்டி இன்று காலை திரையில் ஒரு எழுத்தைக் காட்டிவிட்டு மவுனமாகிவிடும்.

பேட்டரிக்குள் வரிசை வரிசையாக செல்கள். அவற்றைக் கண்காணிக்க ஒரு மின்னணு அட்டை. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்க கன்ட்ரோலர். இவற்றை இணைக்கும் வயர்கள், முனைகள். எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனி போனில் அனுப்புவது போல அனுப்பும் சாப்ட்வேர். இதில் ஒரு முனையில் தண்ணீர் இறங்கினாலும், ஒரு அட்டை தப்பாகத் தகவல் சொன்னாலும், வண்டி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான் அது. தீ பிடிப்பதைவிட நின்றுபோவது மேல் அல்லவா?

அந்தப் பயமும் வெறும் பயம் அல்ல. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தகப்பனாரும் மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் பேட்டரி பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரில் இருந்து கடுமையாக்கப்பட்டன.

சாவி கம்பெனி கையில்!

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. பூட்டிக்கொண்ட வண்டியைத் திறக்கும் சாவி தெரு மெக்கானிக்கிடம் இல்லை. எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்ற புத்தகம் அவரிடம் இல்லை. சோதிக்கும் கருவி இல்லை. பாகம் கடையில் கிடைக்காது. "அண்ணே, இதுல நான் கை வச்சா வாரண்டி போயிடும்ங்கிறாங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்.

ஆக, வழி ஒன்றே ஒன்று. கம்பெனியின் சர்வீஸ் சென்டர்.

கம்பெனி என்ன செய்தது? டீலர் வேண்டாம், நேராக வாடிக்கையாளருக்கு விற்கிறோம் என்று ஆரம்பித்தது. டீலர் கமிஷன் மிச்சம், விலை குறையும் என்பது கணக்கு. ஆனால் டீலர் என்பவர் விற்பவர் மட்டும் அல்ல. அவர் உள்ளூர்க்காரர். நாளைக்கும் அதே தெருவில் முகத்தைக் காட்ட வேண்டியவர். "என்னய்யா உங்க வண்டி இப்படி நிக்குது?" என்று நாம் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய ஆள். அந்த ஆளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது போனில் பேசும் குரல்தான்.

விற்பனை ஒரு மடங்கு ஏறினால் சர்வீஸ் ஆட்களும் ஒரு மடங்கு ஏற வேண்டும். ஷோரூம் திறப்பது சுலபம். கண்ணாடி போட்டு விளக்கு மாட்டினால் போதும். கை தேர்ந்த மெக்கானிக்கை அப்படி மாட்டி வைக்க முடியாது. பழக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், பாகம் கிடங்கில் இருக்க வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் அந்தச் சுமை வாடிக்கையாளர் தலையில்தான் விழும்.

இதன் பலனைச் சந்தையே காட்டிவிட்டது. 2025 ஆரம்ப மாதங்களில், ஊருக்கு ஊர் டீலர் வைத்திருக்கும் பழைய கம்பெனிகளான பஜாஜும் டி.வி.எஸ்.சும் மாத விற்பனையில் ஓலாவை முந்தின. ஜனங்கள் விலையை மட்டும் பார்ப்பதில்லை, நின்றால் யாரிடம் போவது என்றும் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டா?

உண்டு. உயர் மின்சாரம் பாயும் பேட்டரியைத் தெரியாத ஆள் திறந்தால் உயிருக்கே ஆபத்து. இதை மறுக்க முடியாது.

ஆனால் பேட்டரியைக் காட்டி பிரேக் கட்டையையும் பூட்டி வைக்கலாமா? கண்ணாடி, விளக்கு, வயர், ஸ்விட்ச் எல்லாம் வெளியில் கிடைத்தால் யாருக்கு என்ன ஆபத்து? பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, தெரு மெக்கானிக்கையும் சேர்த்துக்கொண்டால் சர்வீஸ் சென்டர் வாசலில் கூட்டம் பாதியாகுமே!

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் டிராக்டர் வாங்கிய விவசாயிகளும் இதே ஒப்பாரிதான் வைத்தார்கள். அறுவடை நேரத்தில் டிராக்டர் நின்றுவிடும், கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டரைச் சொருகினால்தான் ஓடும். அங்கே கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டமே போட்டது. விவசாய இயந்திரம் செய்யும் கம்பெனி பாகங்களையும் கருவியையும் விவரப் புத்தகத்தையும் வாங்கியவருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். 2024 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது.

நம் நாட்டிலும் வாசல் திறக்காமல் இல்லை. கார் பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காக, 2014-ல் 14 கார் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 டிசம்பர் 24-ந் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ‘ரிப்பேர் உரிமை’ இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என நாலு துறைகள் அதில் உண்டு. ஆனால் தகவல் கொடுங்கள் என்று கேட்பது வேறு, கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடுவது வேறு. கொலராடோ மாதிரிச் சட்டம் வந்தால்தான் தெரு மெக்கானிக் கைக்குச் சாவி வரும்.

அரசு கையை ஓங்கினால் கம்பெனிகள் இறங்கி வரும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. சார்ஜருக்குத் தனியாகப் பணம் வசூல் செய்த விவகாரத்தில், மானியம் போய்விடும் என்ற நிலை வந்ததும், 2023-ல் பல கம்பெனிகள் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தன. மானியம் என்பது நம் வரிப்பணம். மானியம் கொடுக்கும்போதே "இத்தனை நாளில் ரிப்பேர் செய்ய வேண்டும்" என்று ஒரு நிபந்தனை வைத்தால் என்ன?

நாம் செய்ய வேண்டியது

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இருக்கிற சட்டமே போதுமான பலம் உள்ளது. பலருக்குத் தெரிவதில்லை.

வண்டியை விடும்போது ஜாப் கார்டு வாங்காமல் நகராதீர்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன கோளாறு என்று அதில் எழுதி இருக்க வேண்டும். "சிஸ்டத்துல போட்டாச்சு சார்" என்றால் விடாதீர்கள். போனில் பேசியதை அன்றே ஒரு ஈ-மெயிலாக எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை, எழுத்துக்கு உண்டு.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இதில் தமிழிலும் பேசலாம். மேலே சொன்ன 10,644 என்ற கணக்கு பிறந்ததே இப்படி ஜனங்கள் போட்ட போனில் இருந்துதான்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சரி, நீங்கள் ரெயில் ஏற வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கோளாறு ஏற்பட்டு 2 வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட அவகாசம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தீர்ப்புக் கூறிவிட்டது.

சாதாரண வழக்கு 3 மாதத்திலும், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும்தான். ஆனால் தீர்ப்பு வந்த பின்னும் கம்பெனி பணிய மறுத்தால் ஜெயில் வரை போகலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் போங்கள். அங்கே நிற்பவர்களிடம் "எத்தனை நாளா சார் வர்றீங்க?" என்று கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை அவர் சொல்லிவிடுவார்.

பெட்ரோல் விற்கிற விலையில் மின்சார ஸ்கூட்டர் நல்ல வாகனம்தான். புகை இல்லை, சத்தம் இல்லை, செலவு குறைவு. அதைக் கெடுப்பது பேட்டரியும் அல்ல, மோட்டாரும் அல்ல. விற்ற அன்றோடு உறவு முடிந்தது என்று நினைக்கிற வியாபாரம்தான். விற்றவன் தலை முழுகினால் வாங்கியவன் எங்கே போவான்?