கழுத்து நகையும் மைய வங்கியின் கருணையும்

ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் கருணை என்றும் கூட்டினால் கண்டிப்பு என்றும் எழுதுவது நம் அறிவுலகின் வழக்கம். அதன் முடிவுகள் சார்பற்ற வெறும் கணக்கு என்பாரும் உண்டு. காவிரிப் படுகையிலிருந்து பார்க்கும் நமக்கு இவ்விரண்டும் ஏற்புடையன அல்ல.

1930களின் பெருமந்தத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்து நெல்விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. கிஸ்தியோ பணத்தில் விதிக்கப்பட்டது. விலை பாதியானால் அதே கிஸ்திக்கு இருமடங்கு நெல் விற்றாக வேண்டும். கடனுக்கும் அதே கதி. ரூபாயின் மதிப்பைத் தளர்த்தியிருந்தால் விலை சற்றேனும் நிமிர்ந்திருக்கும். ஆனால் 1927இல் சட்டமான 1 ஷில்லிங் 6 பென்ஸ் விகிதத்தை லண்டன் விடவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க மதிப்பைக் கைவிட்டபோது, ரூபாயை ஸ்டெர்லிங்கோடு பிணைக்கலாகாது என்று வைஸ்ராய் வில்லிங்டனின் நிர்வாகமே வாதாடிற்று. பதவி விலகுவதாகவும் எச்சரித்தது. பலனில்லை. இந்தியா ஆண்டுதோறும் லண்டனுக்குச் செலுத்திவந்த கடன்வட்டியும் ஓய்வூதியமும் தடைபடக் கூடாது என்பதே அங்கே முதற்கவலை.

நெல்லை விற்றுக் கடனடைக்க இயலாதவர்கள் நகையை விற்றார்கள். ரூபாய்க் கணக்கில் தங்கவிலை ஏறியிருந்ததால் வணிகர்கள் அதைக் கப்பலேற்றினர். லண்டனின் கணக்கு நேரானது. 1935 ஏப்ரல் 1 அன்று பிறந்த ரிசர்வ் வங்கிக்கும் அவ்விகிதத்தைக் காப்பது சட்டக் கடமையாக்கப்பட்டது.

அது அந்நியர் ஆட்சி என்பீர்கள். 2020க்கு வருவோம். பெருந்தொற்று மந்தத்தில், மே மாதம் ரெப்போ வட்டி 4 சதவீதமாக இறங்கிற்று. கடன் தவணைகள் ஆறு மாதம் ஒத்திவைக்கப்பட்டன. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 6 அன்று இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஒன்று, பெருநிறுவனக் கடன்களையும் தனிநபர் கடன்களையும் மறுசீரமைக்கும் ஏற்பாடு; பயிர்க்கடனுக்கு அதில் இடமில்லை. மற்றொன்று, வேளாண்மை அல்லாத தேவைகளுக்கு நகை மதிப்பில் 75க்குப் பதிலாக 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்பது.

இரண்டு காலமும் ஒன்றென நாம் சொல்லவில்லை. விற்ற நகை மீளாது. அடகு நகையை மீட்க வழியுண்டு. ஆயினும் மந்தத்தின் கடைசிச் சுமையை வீட்டுப் பெண்ணின் நகை தாங்கிக்கொள்ளும் என்ற அனுமானம் இரண்டிலும் மாறவில்லை. நிறுவனத்துக்குக் கடன் திருத்தி எழுதப்படுகிறது. குடும்பத்துக்குக் கூடுதல் கடன் நீட்டப்படுகிறது. நோக்கத்தை ஆளுநரின் உரையில் தேடிப் பயனில்லை. யாருடைய இழப்பு பகிர்ந்துகொள்ளப்பட்டது, யாருடையது அவரவரிடமே விடப்பட்டது என்று பார்த்தால் போதும். குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையே அடகுக்கடை வாசலில் நிற்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். கற்றவர்களாகிய நாம்தான் இன்னும் கருணை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.