காத்திருக்கத் தெரியாத துப்பாக்கி

ஒரு கௌபாய் படம் தேறுமா தேறாதா என்பதை, துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் ஆட்கள் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்பதை வைத்தே சொல்லிவிடலாம் என்பார் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் தெரு சொல்தா பெரியவர். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ 1969இல் பிரான்சில் வெளியாகி, ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான டிக்கெட்டுகள் விற்றது. அதில் ஒன்று தன்னுடையது என்பதில் அவருக்கு இன்றும் பெருமை. அந்தப் படத்தின் ஆரம்பத்தில் மூன்று அடியாட்கள் ரயிலுக்காகக் காத்துக்கிடப்பார்கள். ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டும். இன்னொருவன் ஈயைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்துவைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்பான். பத்து நிமிஷம் இதுதான் கதை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ பார்த்தால் என்ன ஆகும்? “ஒரே இரைச்சல் தம்பி. மனுஷன் மூச்சு விட இடம் வேணாமா?” என்றார். அவர் ‘தம்பி’ என்றது என்னையல்ல. டீக்கடை பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்த, கடலுக்குப் போகும் வீட்டுப் பையனை. அவன் விடவில்லை. “ஐயா, நீங்க பாத்த படத்துலல்லாம் செவ்விந்தியன் எதுக்கு வருவான்? குதிரையிலேர்ந்து சுருண்டு விழறதுக்கு. இதுல அவன்தான் ஹீரோ.”

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. ஆனாலும் முதல் மதிப்பெண்ணைப் பையனுக்குத்தான் கொடுப்பேன்.

தமிழுக்குக் கௌபாய் புதிதல்ல. ஒளிப்பதிவாளர் கர்ணன் 1972லேயே ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று குதிரையையும் தொப்பியையும் கொண்டுவந்துவிட்டார். ஜெய்சங்கரை நம் ஊர் கௌபாயாக நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்க’த்தில் அந்த உலகத்தை அப்படியே கேலிச்சித்திரமாக்கினார். ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ போலவே அதற்கும் ராகவா லாரன்ஸ்தான் கதாநாயகன். ஒரு விதத்தில் இவர்கள் எல்லோரும் வேஷத்தை இறக்குமதி செய்தார்கள். 2023 தீபாவளிக்கு வந்த கார்த்திக், வேஷத்தைவிட்டு அதன் அடியில் கிடந்த சண்டையைப் பிடித்தார். இந்த மண் யாருடையது, இங்கிருந்து யார் யாரைத் துரத்துவது என்பதுதானே எல்லாக் கௌபாய் படங்களுக்கும் அடிச்சண்டை? அதை எழுபதுகளின் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கொண்டுபோய், குதிரைக்குப் பதில் யானையை நிறுத்தி, பழங்குடிகளை நடுவில் வைத்தது சாதாரண யோசனையல்ல.

வேடிக்கையும் குறைவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட் பைத்தியமான மதுரை ரௌடி அலியஸ் சீசர், தமிழ் சினிமாவின் முதல் கறுப்பு ஹீரோ ஆவேன் என்று கிளம்புகிறான். அவனைக் கொல்ல அனுப்பப்பட்டவனோ இரத்தத்தைக் கண்டாலே மயங்கும் கிருபை. சத்யஜித் ராயின் சீடன் என்று புளுகிக்கொண்டு, ரே தாசன் என்ற பெயரில் இயக்குநராக உள்ளே வருகிறான். கிருபையாக வரும் எஸ்.ஜே. சூர்யாவின் திருட்டு முழியும் சீசராக வரும் லாரன்ஸின் முரட்டு வெகுளித்தனமும் மோதும் முதல் பாதியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. திருவின் கேமரா காட்டைப் படம் பிடித்திருக்கும் விதத்துக்கு எழுந்து நின்று சல்யூட் அடிக்கலாம்.

குறை எங்கே ஆரம்பிக்கிறது? நீளம் என்று பல பேர் சொன்னார்கள். 172 நிமிஷம். நீளத்தின் மீது எனக்குப் புகார் இல்லை, லியோனியின் படமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் இந்தப் படத்துக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. யார் நடந்தாலும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் கூடவே நடக்கிறார். யார் திரும்பினாலும் ஒரு ஸ்டைல், ஒரு ஸ்லோமோஷன். ஸ்லோமோஷன் வேறு, நிதானம் வேறு. மலைக் கிராமத்தில் சாதாரணமாக ஒரு நாள் எப்படிப் போகும், என்ன சமைப்பார்கள், எதற்குச் சண்டை போடுவார்கள் என்று உட்கார்ந்து பார்க்கப் படத்துக்கு நேரமில்லை. பாடுவார்கள், அழுவார்கள், அடிபடுவார்கள். இடையில் வாழ்வதில்லை.

அதனால்தான் மலைக் கிராமத்து மக்கள் சாகும் அந்தக் கடைசிப் படுகொலைக் காட்சி என்னை உலுக்கியும், முழுசாக ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. சீசர் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவை நம்புகிறான். நாங்கள் சாவதை நீ படம் பிடி, ஊர் பார்க்கட்டும் என்று ரே தாசனிடம் சொல்கிறான். துப்பாக்கியைவிடப் படச்சுருள் வலியது என்று சொல்ல ஒரு கௌபாய் படத்தையே தேர்ந்தெடுத்த துணிச்சல் பெரிது. ஆனால் ஒரு ஊரே மூன்றாவது ஆளின் படத்துக்காகச் செத்துக்கொடுக்க வேண்டுமா?

இங்கே பையன் குறுக்கிட்டான். “படம் புடிச்சாத்தாண்ணே எவனாவது திரும்பிப் பாப்பான். எங்க மணல் போச்சுன்னு எத்தினி வருஷமா கத்துறோம்?” அவன் சொன்னதை லேசாகத் தள்ள முடியாது. எண்பதுகளில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கியது. அதற்கு வடக்கே கடற்கரை கரைந்து, படகு ஏற்றிய பல இடங்கள் கருங்கல் குவியல் ஆயின. துப்பாக்கி தூக்கிக்கொண்டு யாரும் வராமலே நிலம் போன கதை இது. இதற்கு எந்த வில்லனை வைத்துப் படம் எடுப்பது?

“கல்லைத்தான் வில்லனா போடணும்” என்றார் பெரியவர். “ரெண்டு மணி நேரம் அசையாம நடிக்கும். லியோனிக்கே புடிச்சிருக்கும்.”

எனக்கு மிச்சமிருக்கும் வருத்தம் சீசரின் மனைவி மலையரசியைப் பற்றியது. அவளாக நிமிஷா சஜயன் வரும் காட்சிகளில் மட்டும் படம் தானாகவே நிதானமாகிவிடுகிறது. அவள் பார்வைக்குப் பின்னணி இசை தேவைப்படவில்லை. கோபத்துக்கு ஸ்டைல் தேவைப்படவில்லை. கேமராவை ரே தாசனிடமிருந்து பிடுங்கி இவள் கையில் கொடுத்திருக்கலாம் என்று நான் சொன்னபோது, பெஞ்சில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சியில் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். எஸ்.ஜே. சூர்யாவுக்கு வேலை போய்விடுமாம். போகட்டுமே!