விலாசம் கிடைக்காத மடிக்கணினி

வீட்டில் ஓர் இயந்திரம் பழுதுபட்டால் அதைச் சுற்றி நாலு பேர் கூடுவதும், நாலு பேரும் நாலு பொத்தான்களை அமுக்குவதும் நம்மவர் வழக்கம். ஐந்தாவது ஆளாக நானும் அமுக்கியிருக்கிறேன். ஆனால் அன்றிரவு எருக்கலம்பிட்டியில் என் தங்கையின் வீட்டில் இருந்த நிலையில், கண்டபடி அமுக்கிப் பார்க்க நேரமிருக்கவில்லை.

இரவு மணி ஒன்பதரை. தங்கையின் மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குரிய விண்ணப்பத்தை இணையத்தளத்திலேயே பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அன்று நள்ளிரவுடன் தவணை முடிவு. கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தாய் என்று கேட்க என் வாய் துடித்தது. விஷயம் வேறு. வீட்டிலிருந்த பழைய மேசைக்கணினி ஒரு வாரத்துக்கு முன்னர் முற்றாகச் செயலிழந்துவிட்டது. கட்டார் நாட்டிலிருந்து உறவினர் ஒருவர் தாம் அலுவலகத்தில் பாவித்த மடிக்கணினியை அன்று பிற்பகல்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதன் கம்பியில்லாத் தொடர்புப் பகுதி ஏற்கனவே பழுது. ஆகவே மோடத்திலிருந்து வயர் மூலம் இணைப்பதே ஒரே வழி. வயரை மாட்டினார்கள், இணையம் வரவில்லை.

“மாமா, கைத்தொலைபேசியில் அனுப்பிவிடட்டுமா?” என்று பிள்ளை கேட்டாள். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிரப்ப வேண்டும். சிறிய திரையில் விரல் வழுக்கி ஓர் இலக்கம் மாறினால், ஒரு பிள்ளையின் படிப்பே வேறு திசைக்குப் போய்விடும். பதினொரு மணிவரை முயல்வது, முடியாவிட்டால் தொலைபேசியில் அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

பிள்ளையின் கேள்வி எனக்கு முதலாவது துப்பையும் தந்தது. கைத்தொலைபேசியை அந்த மோடத்தின் கம்பியில்லா இணைப்பில் சேர்த்துப் பார்த்தோம். இணையம் ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் தொடர்பில் குறையில்லை, மோடமும் நலமே. பழுது மோடத்துக்கும் மடிக்கணினிக்கும் இடைப்பட்ட மூன்று முழத்துக்குள்தான் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது. பலர் இதைச் செய்யாமலே கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இச்சமயத்தில் கனடாவில் ரொறன்ரோ நகரில் வசிக்கும் என் தம்பி அழைத்தான். விஷயத்தைக் கேட்டதும், “காக்கா, மோடத்தின் பிளக்கைக் கழற்றி இரண்டு நிமிடம் வைத்துவிட்டு மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரிவந்தது” என்றான். நான் யோசிப்பதற்குள் மச்சான் பிளக்கைக் கழற்றிவிட்டார். மோடம் மறுபடியும் உயிர்பெற்று எல்லா விளக்குகளும் எரிவதற்கு ஐந்து நிமிடம் சென்றது. பலன் ஒன்றுமில்லை.

தம்பி சொன்னது பொய்யன்று. அவன் ஊருக்கு அது முற்றிலும் பொருத்தம். அங்கே தொலைக்காட்சிக்கு வரும் தடித்த கேபிள் வழியாகவே இணையமும் வருகிறது. 1997ஆம் ஆண்டில் அதற்கெனப் பொதுவான ஒரு நியமம் வகுக்கப்பட்டது. அத்தகைய கேபிள் மோடத்தில் ஒரேயொரு கணினியை நேரே மாட்டும்போது, மோடம் அக்கணினியின் பிறவி இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். மாக் முகவரி எனப்படும் இந்த இலக்கம், தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் பதிக்கப்படும் பன்னிரண்டு குறிகளைக் கொண்டது. பிறகு வேறொரு கணினியைக் கொண்டுபோய் மாட்டினால், மோடம் பழைய ஆளையே எதிர்பார்த்துப் புதிய ஆளைக் கவனியாதிருக்கும். மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தால் பழைய ஞாபகம் அழிந்து, புதியவரை ஏற்றுக்கொள்ளும். தொலைபேசி வசதியும் சேர்ந்த சில கேபிள் மோடங்களுக்குள் பற்றரி இருப்பதால், பிளக்கைக் கழற்றினாலும் அவை உறங்குவதில்லை. அவற்றின் பற்றரியையும் எடுக்க வேண்டும்; அல்லது பின்புறத்திலுள்ள சிறு துவாரத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள நம் வாசகர்களுக்கு இது பயன்படும். தங்கை வீட்டிலிருந்ததோ தொலைபேசிக் கம்பியில் இயங்கும் மோடம். நாலைந்து கருவிகளுக்குத் தானே விலாசம் பங்கிட்டுக் கொடுக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்கு அந்தப் பிடிவாதம் கிடையாது.

மோடத்தின் பின்புறத்தை விளக்கடித்துப் பார்த்தேன். வயர் மாட்டும் துவாரத்தின் அருகில் ஒரு சிறு பச்சை விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. விளக்கு எரியாவிட்டால் கணினிக்குள் எந்த அமைப்பையும் தொடாதீர்கள். குறை வயரில், அல்லது அது பொருந்தும் இடத்தில் இருக்கிறது. அந்த வயரின் முனையில் பிளாஸ்திக் கொளுக்கி முறிந்திருந்தது; செருகினாலும் மெல்ல வழுகி வெளியே வந்துவிடும். முனையிலிருந்த எட்டுப் பித்தளை நிறத் தகடுகளில் பச்சைக் களிம்பு வேறு. மன்னார்த் தீவின் உப்புக்காற்று எதை விட்டுவைத்தது? கதவுப் பிணைச்சலைத் தின்கிறது, சைக்கிள் சங்கிலியைத் தின்கிறது; இந்த மெல்லிய தகடு எம்மாத்திரம்? அந்த எட்டுக் கம்பிகளில் நாலு ஒழுங்காகத் தொட்டாலே சாதாரண வேகத்தில் தொடர்பு கிடைக்கும். எங்கள் வயரில் அதற்கும் வழியில்லை. நல்ல வேளையாக, மோடத்துடன் வந்த சிறிய வயரை என் தங்கை உறை பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தாள். அதை மாட்டியதும் ‘டிக்’ என்று பொருந்தியது. பச்சை விளக்கும் எரிந்தது. பிள்ளை கைதட்டினாள்.

கைதட்டியது சற்று அவசரம். இணையம் இன்னும் வரவில்லை. மணி பத்தேகால்.

விளக்கு எரிந்தும் இணையம் வராவிட்டால் விலாசத்தைப் பார்க்க வேண்டும். தபாற்காரர் கடிதம் கொடுப்பதற்கு வீட்டு இலக்கம் வேண்டுமல்லவா? அதுபோல, மோடத்தோடு பேச வரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் விலாசம் வேண்டும். கணினி விழித்தெழுந்ததும் “எனக்கு ஒரு விலாசம் தாருங்கள்” என்று வயர் வழியாகக் கூவும். மோடம் ஒன்றை இரவல் கொடுக்கும். 1993இல் வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. வீட்டு மோடங்கள் கொடுக்கும் விலாசம் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கூவியும் பதில் கிடைக்காத கணினி, தானாகவே 169.254 என்று தொடங்கும் விலாசம் ஒன்றைச் சூடிக்கொள்ளும். அதைக் கண்டால், கணினியின் குரல் மோடத்துக்குக் கேட்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்பிக்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால் இந்த விலாசம் தெரியும். தட்டினோம். நான் எதிர்பார்த்த இரண்டில் எதுவும் வரவில்லை. 10 என்று தொடங்கும் வேறொரு விலாசம் இருந்தது!

அது கட்டார் அலுவலகத்து விலாசம். அங்கே கணினிகளைப் பராமரித்தவர், இந்த இயந்திரத்துக்கு நிரந்தரமாக ஒரு விலாசத்தைக் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அது யாரிடமும் விலாசம் கேட்கவேயில்லை. எருக்கலம்பிட்டி மேசையில் இருந்துகொண்டு, தான் இன்னும் அந்த அலுவலகத்தில் இருப்பதாகவே அது எண்ணிக்கொண்டிருந்தது.

வலையமைப்பு அமைப்புகளுக்குள் சென்று, விலாசத்தைத் தானாகப் பெறும்படி பிள்ளை மாற்றினாள். மறுகணம் 192.168 வந்தது. ஆனால் ஆணைக்குழுவின் பக்கம் திறக்கவில்லை. தங்கை தலையில் கை வைத்துவிட்டாள். நான் கட்டளைச் சாளரத்தில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஒரு ‘பிங்’ அனுப்பச் சொன்னேன், பதில் வந்தது. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரைச் சொன்னால் வரவில்லை. இணையத்தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் பெயரேடு, 1983இலிருந்து வழக்கிலுள்ளது. அதே பெட்டியின் கீழ்ப்பாதியில், அந்தப் பெயரேடு எங்கே உள்ளது என்று குறிப்பிடும் இடத்திலும் கட்டார் அலுவலகத்து எண்ணே கிடந்தது. மேற்பாதியை மாற்றியவள் கீழ்ப்பாதியை விட்டுவிட்டாள். பலரும் தவறுவது இவ்விடத்திலேதான். அதையும் தானியங்கியாக மாற்றியதும் பக்கம் திறந்தது. மணி பத்து ஐம்பது.

பின்னர் அந்தப் பிள்ளை கற்கைநெறிகளை ஒவ்வொன்றாக வாசித்து, விரலால் திரையைத் தொட்டுச் சரிபார்த்து நிரப்பினாள். அவளுடைய வாப்பா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். 1990 ஒக்டோபரில் இத்தீவின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்குச் சென்ற சிறுவர்களில் அவரும் ஒருவர். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்து படித்தவருக்கு அந்தப் படிப்பு பாதியிலேயே நின்றது. போர் 2009இல் முடிந்தபின் திரும்பி வந்த குடும்பம் இது.

பதினொன்று இருபதுக்கு விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. உள்ளறையில் படுத்திருந்த என் உம்மா அப்போதுதான் குரல் கொடுத்தார்.

“புள்ள, விலாசம் என்னவென்று போட்டாய்?”

“எருக்கலம்பிட்டி, உம்மம்மா.”

“எந்த எருக்கலம்பிட்டி?”

கேள்வியில் பிழையில்லை. புத்தளத்தில் நம்மவர் குடியேறிய இடத்துக்கும் அவர்கள் எருக்கலம்பிட்டி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். உம்மா அங்கே பல வருடம் வாழ்ந்தவர்.

“மன்னார்தான், உம்மம்மா” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை மடிக்கணினியை மூடினாள்.